பதினேழாம் இலக்கத்தின் காலப் பிழை

ஒரு தாயின் விலை மாத்தளையில் முப்பத்திரண்டு ரூபாய். சில்லறைக்கு நாற்பது. முப்பத்தொன்று எடுத்ததால் கடைக்காரர் எட்டு ரூபாய் குறைத்தார். முப்பத்திரண்டாவதை இனாமாகக் கேட்டேன். "உங்க வாப்பாகிட்ட யாவாரம் பண்ணினதே போதும்னு இருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே அதையும் எடுத்து வைத்தார்.

பொருள் ஒரு நீலப் பேனை. என்னுடைய பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் 'என் தாய்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், பதிலுக்கு ஆளுக்கொரு பேனை. ஆராய்ச்சிக்கு எழுத்துக் கொடுப்பவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அதே நேரம் ஆசைகாட்டும் அளவுக்கும் கொடுக்கக்கூடாது என்று, என்னோடு இந்த ஆராய்ச்சியைச் செய்த ஆசிரியன் கஜீபன் எங்கோ வாசித்திருந்தான். அந்த அளவு எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. திருகோணமலை வீதியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த புஹாரி முதலாளியின் மகள் நான். வாசலில் ஏறுகிறவனின் செருப்பைப் பார்த்தே அவன் எந்த விலையில் இறங்குவான் என்று சொல்லிவிடுவேன்.

ஆங்கிலம் படிப்பிக்கிற ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கஜீபன் வாடகைக்கு எடுத்த டியூஷன் அறையில் கூடுவோம். பெயர் நீளமானது: மாத்தளை இரண்டாம் மொழி எழுத்துப் பயிற்சி ஆசிரியர் வட்டம். பலகையில் எழுத இடம் போதாமல் 'வட்டம்' அடுத்த வரிக்குப் போய்த் தனியாக நின்றது. பிள்ளைகள் தங்களுடையதல்லாத ஒரு மொழியில் எழுதப் பழகுவது எப்படி, நாங்கள் அதைத் திருத்துவது எப்படி என்பதுதான் எங்கள் பேச்சு. உலகத்தில் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் முப்பது வருஷச் சண்டை ஒன்றும் இருக்கிறது. சிவப்புப் பேனையால் பிழை திருத்தினால் பிள்ளை முன்னேறுமா, முன்னேறாதா? ஒரு கட்சி திருத்து என்கிறது, மறு கட்சி திருத்தாதே என்கிறது. இரண்டு கட்சியின் கட்டுரைகளையும் காசு கட்டாமல் இணையத்திலிருந்து இறக்கும் வழி எங்கள் ஐந்து பேரில் கஜீபனுக்கு மட்டுமே தெரியும்.

கஜீபன் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறான். மாஸ்டர்ஸ் முடிப்பதற்காக நான்கு வருஷமாக இழுபடுகிறவன். அந்தச் சண்டைக்கு மாத்தளையிலிருந்தும் ஒரு கல் எறிய வேண்டும் என்பது அவன் கனவு.

"ஸக்கியா மிஸ், நமக்குத் தேவ ரெண்டே ரெண்டு பிரதிதான். மொத எழுதுறாங்க. நீங்க பிழைக்குக் கீழ கோடு போட்டு அடையாளம் மட்டும் வைக்கிறீங்க, சரியான விடைய எழுதாதீங்க. ஒரு கிழம கழிச்சு அவங்களே திருத்தி ரெண்டாவது எழுதுறாங்க. ரெண்டுலயும் பிழைய எண்ணுறோம். அவ்வளவுதான்."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா நாம கண்டிக்குப் போறோம். மாநாட்டு மேடை."

"கூடினா?"

"அப்பவும் போகலாம் மிஸ். ஆனா பின் வரிசையில ஒக்காரணும்."

அடையாளங்கள் ஆங்கில எழுத்துகள். எழுத்துக்கூட்டல் பிழைக்கு 'எஸ்'. காலப் பிழைக்கு, அதாவது வினைச்சொல் இறந்த காலமா நிகழ்காலமா என்பதில் தவறினால், 'டீ'. எங்கள் மாவட்டத்தில் டீ என்றால் ஊரே அதில் சோறு தின்னும். எங்கள் வட்டத்தில் டீ என்றால் பிள்ளைக்கு ஒரு புள்ளி போச்சு.

ஜூன் மாதம் முதற் பிரதிகள் வந்தன. பெயரை மறைத்து இலக்கம் போட்டோம். நானும் கஜீபனும் தனித்தனியே இருந்து பிழைகளை எண்ணி, பிறகு ஒப்பிட்டோம். இரண்டு பேர் ஒரே சரக்குக்கு ஒரே நிறை சொன்னால்தான் தராசு சரி என்பது ஆராய்ச்சிக்காரர்களின் விதி. அதை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முந்நூறு வருஷம் முன்பே எங்கள் தெருவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏறத்தாழ எல்லாப் பிரதியிலும் ஏதாவது ஒரு சொல்லுக்கு இருவரும் சண்டை பிடித்தோம். பதினேழாம் இலக்கத்தில் மட்டும் ஒரு சொல்லுக்கும் சண்டையில்லை. பத்தொன்பது பிழைகள். அவற்றில் பதினொன்று காலப் பிழை. முழு உடன்பாடு.

பதினேழு, மஸீஹா. வரக்காமுறையிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. தாய் மஸூதா ஸவூதியில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம். அதில் விசேஷம் எதுவும் இல்லை. என் வகுப்பில் ஒன்பது பேரின் தாய்மார் அரபு நாடுகளில் இருந்தார்கள். மஸீஹாவின் தந்தை கலேவெலையில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அவளும் தங்கையும் சாச்சி வீட்டில், அதாவது தாயின் தங்கை வீட்டில் வளர்ந்தார்கள்.

அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் உம்மாவின் பெயர் மஸூதா. அவர் உயரமாக இருந்தார். அவர் நன்றாகச் சமைத்தார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.' இப்படியே பதினொரு வினைச்சொற்கள், பதினொன்றும் இறந்த காலத்தில். கடைசி வரி, 'எங்களுக்கு ஓர் உம்மா இருந்தார்.'

எங்களுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. அதற்கு முந்திய வாரம்தான் இறந்த காலம் படிப்பித்திருந்தேன். பெருநாளைக்குப் புதுச் சட்டை கிடைத்த பிள்ளை அதைக் கழற்றாமல் படுப்பதுபோல, புதிதாகப் படித்த பாடத்தைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் போட்டுக்கொள்வார்கள். இதற்கு ஆராய்ச்சியில் ஒரு பெரிய பெயர் உண்டு. கஜீபன் அதை ஓரத்தில் எழுதி அடிக்கோடு இட்டான். நான் பதினொரு இடத்தில் 'டீ' போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பிரதிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு மூட்டாமல் பாடம் நடத்தத் தெரியாது. பெயர் சொல்லாமல்தான் சொன்னேன்.

"பிள்ளைங்களே, உயிரோட இருக்கிற உம்மாவ 'வாஸ்' போட்டு எழுதினா என்னாகும் தெரியுமா? மௌத்தாக்கிடுவீங்க, சாகடிச்சிடுவீங்க. பிறகு நான் வெள்ள உடுத்துட்டு ஜனாஸாவுக்கு வரணும். பஸ் காசு யாரு தாறது?"

வகுப்பு சிரித்தது. மஸீஹாவும் சிரித்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் இரண்டாம் பிரதி வந்தது. 'அவர் உயரமாக இருக்கிறார். அவர் நன்றாகச் சமைக்கிறார். எங்களுக்கு ஓர் உம்மா இருக்கிறார்.' காலப் பிழை ஒன்றுகூட இல்லை. மற்ற எட்டுப் பிழைகளில் நான்கு மிச்சம். பத்தொன்பது நான்காக இறங்கியிருந்தது. முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தாறு பேருக்குப் பிழை குறைந்திருந்தது. இவளைப் போல் யாருக்கும் குறையவில்லை. கஜீபன் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெண் பார்க்கப் போனவன் மாதிரி நின்றான்.

"இதுதான் மிஸ் நம்ம முகம். மேடையில மொதல்ல இதத்தான் காட்டுறோம்."

கண்டியில் செப்டெம்பரில் நடக்கிற மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். கஜீபனின் மேற்பார்வையாளர், இதைக் கட்டுரையாக்கினால் மாஸ்டர்ஸ் முடிந்த மாதிரித்தான் என்று சொல்லியிருந்தார். ஒரேயொரு வேலை பாக்கி. பிள்ளையின் கையெழுத்தைத் திரையில் காட்டுவதென்றால் வீட்டாரின் சம்மதம் தனியாக வேண்டும். படிவத்தோடு நான் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை வரக்காமுறைக்கு பஸ் ஏறினேன்.

சாச்சியின் பெயர் றிஸ்மியா. முன்னறையில் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. பிள்ள ஏதும் குழப்படியா?"

"குழப்படியா? உங்க பிள்ள எங்க எல்லாரையும் கண்டிக்குக் கூட்டிட்டுப் போகப் போறா. உம்மாவப் பத்தி அப்பிடி ஒரு பக்கம் எழுதியிருக்கா. உங்க தாத்தா எப்ப லீவுல வாறா? வந்தா அவகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடணும். ஸவூதிக் காசுல எங்களுக்கு ஒரு புரியாணியும்."

தாத்தா என்றால் எங்களில் அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டதும் றிஸ்மியா உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, டீச்சரென்றும் பாராமல் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்:

"மெதுவா பேசுங்க டீச்சர். தாத்தா மௌத்து."

"எப்ப?" என்றேன்.

"ஏப்ரல் மாசம். தூக்கத்துலயாம். அங்கயே அடக்கிட்டாங்க. மையித்தக் கொண்டுவர நம்மால ஏலுமா? அக்குறணையில மாமி வீட்டுல வச்சு யாசீன் ஓதினோம். இங்க ஒரு சத்தமும் காட்டல. இவளுக்கு வாற பெப்ரவரியில பெரிய பரீட்ச, ஓ.எல் சோதின. இப்ப சொன்னா பிள்ள பேனையத் தொடுமா? சோதின முடியட்டும்னு பள்ளிவாசல் தலைவரும் சொன்னார். சின்னவ ஜஸ்லாவுக்கு ஏழு வயசு, அவ வாய மூடிட்டு இருக்க மாட்டா. ரெண்டு பேருக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்காக நீங்களும் சொல்லிடாதீங்க."

ஏப்ரல். அவள் எழுதியது ஜூனில்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் கைப்பையைத் தடவினேன். உள்ளே படிவத்தோடு இரண்டு பிரதிகளும் இருந்தன. எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. பதினொன்றும் சரியான இறந்த கால வடிவம் என்பது அப்போதுதான் உறைத்தது. என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் பதினொரு இறந்த கால வினையை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதியதில்லை. புதுப் பாடத்தை வெறுமனே தூவுகிறவள் இப்படி எழுத மாட்டாள். ஒவ்வொன்றாக அகராதியில் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். கடையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, முகராமல் நிறுக்காதே என்பதுதான். நானும் கஜீபனும் இரண்டு தரம் நிறுத்தோம்.

குழாயை மூடி வெளியே வந்தபோது சின்னவள் ஜஸ்லா மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாச்சி, உம்மா போன் எடுத்தாவா?"

"வெள்ளிக்கிழம எடுத்தா மகள். நீங்க தூங்கிட்டீங்க."

உள்ளறையிலிருந்து மஸீஹாவின் குரல் வந்தது. "எனக்கு ஸலாம் சொன்னாவா சாச்சி?"

"சொன்னா மகள். நல்லா படிக்கச் சொன்னா."

"அடுத்த தரம் எடுத்தா என்ட ஸலாமையும் சொல்லுங்க."

அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. றிஸ்மியா என்னைப் பார்த்து, 'பார்த்தீங்களா, தெரியாது' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். நான் தலையாட்டினேன். வீட்டில் இரண்டு பேர் ஒரே மௌத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மற்றவளின் மனம் நோகக்கூடாதென்று. அது அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். பிள்ளையின் எழுத்தை இரண்டு மாதம் வைத்திருந்தும் வாசிக்காமல் விட்டவள்.

கைப்பையிலிருந்து படிவத்தை வெளியே எடுக்காமலே திரும்பி பஸ் ஏறினேன்.

அன்று பின்னேரம் வட்டத்தின் அறையில் கஜீபன் தனியாக இருந்து திரையில் காட்டுவதற்கான படங்களைச் செய்துகொண்டிருந்தான். சொன்னேன். சொல்லி முடியும்வரை அவன் கணினியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான்.

"ஐயோ மிஸ்."

இரண்டு பேரும் பலகையில் தனியாக நின்ற 'வட்டம்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு பிள்ளதானே," என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல். "பதினேழ எடுத்துருவோம். மிச்சம் முப்பது இருக்கு. முப்பதுல இருபத்தஞ்சு பேருக்குக் குறைஞ்சிருக்கு. அப்பவும் முடிவு நிக்கும் மிஸ், நான் கணக்குப் போட்டுப் பாக்குறேன்."

"போட்டுப் பாரு. நிக்கும்."

"அப்ப?"

"பழுதான மூட்ட ஒண்ணுன்னா ஓரமா வைக்கலாம் தம்பி. எனக்கு மூக்கே சரியில்லன்னா? இது நான் அந்த வீட்டு வாசப்படி ஏறினதால தெரிஞ்சுது. மிச்ச முப்பது வீட்டுக்கும் நான் போகலயே. யாரோட பிழை நெசமான பிழை, யாரோட பிழை அவங்க வீட்டுக் கதன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லா ஆராய்ச்சியும் அப்பிடித்தானே மிஸ். எல்லாரும் எல்லா வீட்டுக்குமா போறாங்க?" கணினியை மூடினான். "நாலு வருஷம். எங்கம்மா தேயிலக் கொழுந்து எடுத்த காசு அதுல இருக்கு. நீங்க முதலாளி மக. உங்களுக்கு வேற கட இருக்கு."

அது நியாயமான அடி. நான் வாங்கிக்கொண்டேன். பேரம் பேச எனக்குத் தெரியாத ஒரு சாமான் வாழ்க்கையில் முதல்முறையாக என் முன்னால் இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் மஸீஹாவை நூலக அறைக்குக் கூப்பிட்டேன். அவள் வந்து, வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டி நின்றாள். இரண்டு பிரதிகளையும் மேசையில் வைத்தேன்.

"இருங்க மகள்."

இருந்தாள்.

"இதுல பிழ விட்டது நான்."

அவள் முதற் பிரதியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"சாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"இல்ல."

"சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா சாச்சி உடைஞ்சிடுவா. ஒளிச்சு வைக்க எவ்வளவு கஷ்டப்படுறா தெரியுமா? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பொய்ப் போன் கதைக்கிறா. கதைச்சிட்டு அடுப்படிக்குப் போய் அழுறா. வெங்காயம் இல்லாத நாள்லயும் வெங்காயம்னு சொல்றா."

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"மே மாசம் கொழும்பு ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்துச்சு. இங்கிலீஷ்ல. சாச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பள்ளிவாசல் தலைவர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டிட்டு அலுமாரியில வச்சா. நான் எடுத்து வாசிச்சேன்." அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "முழுசா விளங்கல. உம்மா பேருக்கு முன்னுக்கு 'டிஸீஸ்ட்'னு இருந்துச்சு. நான் 'டிஸீஸ்'னு நினைச்சேன் டீச்சர். வருத்தம்னு. உம்மாவுக்குச் சொகமில்லயாக்கும்னு ரெண்டு நாள் தொழுது தொழுது துஆ கேட்டேன், சொகமாகட்டும்னு. மூணாம் நாள் ஸ்கூல் டிக்‌ஷனரியில தேடினேன். அது வேற சொல்."

அந்த அகராதி எனக்குப் பின்னால் தட்டில்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மௌத்தானவர் என்பதற்கும் நோய் என்பதற்கும் எழுத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். எங்கள் வட்டத்தில் இப்படிப்பட்ட சோடிச் சொற்களை வைத்து ஒரு மணித்தியாலம் சிரித்திருக்கிறோம்.

"யாருகிட்டயும் சொல்லலயா?"

"யாருகிட்டச் சொல்றது? ஜஸ்லாகிட்டச் சொல்ல ஏலாது. வாப்பா போன் எடுக்கிறதில்ல. தமிழ்ல எழுதினா சாச்சி வாசிச்சிடுவா. அப்பதான் நீங்க பாஸ்ட் டென்ஸ் படிப்பிச்சீங்க. மறு கிழம 'என் தாய்'னு எழுதச் சொன்னீங்க." அவள் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு விளங்கும்னு நினைச்சேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் பிந்திவிட்டது என்பதுபோல் சொன்னாள்.

"நான் அன்னைக்கு வகுப்புல சொன்ன பகிடி..."

"பரவாயில்ல டீச்சர். நானும் சிரிச்சேன்தானே."

"எதுக்கு மகள் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்காட்டி எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே."

வெளியே பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியில் சண்டை பிடிக்கும் சத்தம். அவள் இரண்டாம் பிரதியை விரலால் தன் பக்கம் இழுத்தாள்.

"இத எழுதக்குள்ள மொத மொத நல்லா இல்ல. பொய் எழுதுற மாதிரி இருந்துச்சு. பிறகு... அவ சமைக்கிறா, அவ சிரிக்கிறான்னு எழுதிட்டே போகக்குள்ள கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அரை மணித்தியாலம் உம்மா இருந்தா. எழுதி முடிச்சதும் திரும்பவும் ஒருக்கா மௌத்தாகிட்டா."

நான் அழுதேன். ஆசிரியை அழக்கூடாது, அதுவும் மாணவி அழாத இடத்தில் அழக்கூடாது என்பது தெரியும். அவள் தன் கைக்குட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"இத மேடையில காட்டப் போறீங்களா டீச்சர்?"

"இல்ல. காட்ட மாட்டேன். நீங்க சொல்லுங்க, இத என்ன செய்யட்டும்? கிழிச்சிடவா? உங்ககிட்டயே தரவா?"

யோசித்தாள். வாப்பாவின் கடையில் கூட யாரும் இவ்வளவு நிதானமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

"மொதலாவத சரியாத் திருத்தித் தாங்க. அதுக்கு இன்னும் யாரும் சரியா மார்க்ஸ் போடல."

சிவப்புப் பேனையை எடுத்தேன். பதினொரு 'டீ'யையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். பதினொன்று என்பது சின்ன எண் அல்ல. நான்காவதிலேயே கை களைத்துவிட்டது. கடைசி வரிக்கு வந்தபோது, 'எங்களுக்கு ஓர் உம்மா இருந்தார்' என்பதற்குக் கீழே இருந்த கோட்டை வெட்ட முடியாமல் நின்றேன். வெட்டினால் அது உண்மையாகிவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு எண்ணம். மஸீஹா காத்திருந்தாள். வெட்டினேன்.

மற்ற எட்டுப் பிழைகள் மிச்சம் இருந்தன. ஓர் எழுத்துக்கூட்டல், ஒரு விடுபட்ட முற்றுப்புள்ளி, இப்படி. அவற்றையும் வெட்டிவிட்டு முழு மார்க்ஸ் போட என் கை போனது.

"வேணாம் டீச்சர்," என்றாள். "அது பிழதான். அத விடுங்க."

விட்டேன். மணி அடித்தது. அவள் திருத்திய தாளை வாங்கி, இலக்கணக் கொப்பியின் உறைக்குள் வைத்து, சீருடையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குப் போனாள். அடுத்த பாடமும் என்னுடையதுதான். எதிர்காலம். அன்று அதை நடத்தவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதக் கொடுத்துவிட்டு ஜன்னலருகில் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை நான் அறைக்குப் போனபோது கஜீபன் எனக்கு முன்பே வந்திருந்தான். மூன்று நாள் தாடி. கணினியை என் பக்கம் திருப்பினான். மாநாட்டுக்காரர்களுக்கு எழுதிய கடிதம். எங்கள் ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஆய்வாளர்கள் தரவைத் தவறாக வாசித்துவிட்டார்கள். இரண்டே வரி. காரணம் எதுவும் இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அனுப்பிட்டியா?"

"நேத்தே அனுப்பிட்டேன்."

"உன் மாஸ்டர்ஸ்?"

"எங்கம்மாகிட்டச் சொன்னேன் மிஸ். விஷயத்தச் சொல்லல, ஒரு பிள்ளைக்கு நாங்க தப்பாத் திருத்திட்டோம்னு மட்டும். 'வேற ஒண்ணு எழுது'ன்னுச்சு. அது என்னமோ கடிதம் எழுதுற மாதிரி நெனைக்குது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அன்னைக்கு முதலாளி மகன்னு சொன்னது..."

"சொன்னது சரிதான். விடு."

"அட்டவணைய அழிச்சிரவா?"

"வேணாம். பதினேழத் திறந்து சரியா எழுது. எங்கயும் காட்டத் தேவல்ல. ஆனா பிழையா நிக்கக்கூடாது."

அவன் அந்த வரியைத் திறந்தான். பத்தொன்பது, நான்கு என்று இருந்த எண்களை அழித்தான். நான் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினான். பிறகு, இதுவரை எங்கள் அட்டவணையில் இல்லாத ஒரு பத்தியை ஓரத்தில் சேர்த்து, அதற்கு 'பிழை விட்டவர்' என்று தலைப்பு வைத்தான். முப்பத்தொரு வரியிலும் அந்தப் பத்தி வெறுமையாகக் கிடந்தது. ஒரு வரியை மட்டும் எங்களால் நிரப்ப முடிந்தது.

இலக்கம் பதினேழு. முதற் பிரதி: காலப் பிழை இல்லை, ஏனையவை எட்டு, மொத்தம் எட்டு. இரண்டாம் பிரதி: காலப் பிழை பதினொன்று, ஏனையவை நான்கு, மொத்தம் பதினைந்து. பிழை விட்டவர்: எட்டும் நான்கும் மாணவி. பதினொன்றும் ஆசிரியை.